மன்னிக்க மறுத்த நூறாண்டு: கார்த்தேஜ் திருச்சபையின் கதை

கிறிஸ்தவர்கள் தினமும் சொல்லும் செபத்தில், பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்ற வேண்டுதல் இருக்கிறது. எத்தனை முறை மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்டதற்கு இயேசு சொன்ன பதிலும் (மத்தேயு 18) ஞாயிறு வகுப்புக்குப் போன குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் திருச்சபையின் வரலாற்றில் மிக நீண்ட உட்பூசல்களில் ஒன்று இந்த மன்னிப்பைப் பற்றியதுதான் என்பது பலருக்குத் தெரியாது. இன்றைய துனீசியாவும் அல்ஜீரியாவும் இருக்கும் வட ஆப்பிரிக்கக் கரையில் அது நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. இரு தரப்பும் ஒரே வேதாகமத்தை, ஒரே லத்தீன் மொழியில் வாசித்தவர்கள். நம்பிக்கைக் கோட்பாட்டில் பெரிய வேறுபாடு எதுவும் இல்லை. உயிருக்குப் பயந்து விசுவாசத்தைக் காட்டிக் கொடுத்தவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாமா? சேர்க்கலாம் என்றால், அதைச் சொல்லும் உரிமை யாருக்கு? இந்த இரண்டு கேள்விகள்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

கதை 250-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. ரோமப் பேரரசன் டேசியுஸ் ஓர் ஆணை பிறப்பித்தான். பேரரசில் உள்ள அனைவரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்த வேண்டும், செலுத்தியதற்கு அதிகாரிகளிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தச் சான்றிதழ்கள் சில எகிப்து மணலில் பாப்பிரஸ் தாள்களாகக் கிடைத்திருக்கின்றன. பெயர், ஊர், நான் எப்போதும் தெய்வங்களை வணங்கி வந்தவன் என்ற உறுதிமொழி, சாட்சிகளின் கையெழுத்து... இன்றைய தாலுகா அலுவலக விண்ணப்பத்தைப் பார்ப்பது போலவே இருக்கும்.

கார்த்தேஜ் நகரில் கிறிஸ்தவர்கள் கூட்டம் கூட்டமாக விழுந்தார்கள். சிலர் பலியிட்டார்கள். சிலர் ஒரு சிட்டிகை சாம்பிராணி மட்டும் போட்டார்கள். காசு இருந்தவர்கள் பலியிடாமலே லஞ்சம் கொடுத்துச் சான்றிதழை வாங்கிவிட்டார்கள். மறுத்தவர்கள் சிறைக்குப் போனார்கள். நகரத்தின் ஆயர் சிப்ரியனோ தலைமறைவாகிவிட்டார்! மந்தையை வழிநடத்த ஒருவர் உயிரோடு இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன நியாயம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சிறையில் அடி வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

துன்புறுத்தல் தணிந்ததும், விழுந்தவர்கள் அழுதுகொண்டு கோயில் வாசலுக்குத் திரும்பி வந்தார்கள். இங்கேதான் விசித்திரமான ஒன்று நடந்தது. சிறையில் உறுதியாக நின்ற சாட்சிகள் தாங்களே மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்கள். இன்னாரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எண்ணிக்கைகூட இல்லாத கடிதங்கள்! அடி வாங்கியவன்தானே மன்னிக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஆயர்தான் மன்னிப்பு வழங்க வேண்டும், அதுவும் விசாரித்து, தவம் செய்ய வைத்த பிறகுதான் என்பது சிப்ரியன் வாதம். ஓடிப்போனவர் எங்களுக்குச் சட்டம் சொல்வதா என்ற முணுமுணுப்பு எழுந்தது.

251-இல் கார்த்தேஜில் ஆயர்கள் கூடினார்கள். சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்க்கலாம், பலியே இட்டவர்களைச் சாகும் தறுவாயில் மட்டும் சேர்க்கலாம் என்று முடிவானது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கொள்ளை நோய் வந்தது, மறுபடி துன்புறுத்தல் வரும் என்ற பேச்சும் அடிபட்டது. அப்போது அந்த விதியும் தளர்ந்து, மனம் வருந்தித் தவத்தில் இருந்த அனைவரும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். ரோமில் நொவாசியன் என்ற குரு இதை ஏற்கவில்லை. கடவுள் மன்னித்தால் மன்னிக்கட்டும், திருச்சபைக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று தனிச்சபை கண்டார். அது சில நூற்றாண்டுகள் நீடித்தது. சிப்ரியன் 258-ஆம் ஆண்டு செப்டம்பர் 14 அன்று தலை வெட்டப்பட்டு மாண்டார். அதோடு ஓடிப்போனவர் என்ற பேச்சும் அடங்கியது. பிற்பாடு இரு தரப்பும் எங்கள் சிப்ரியன் என்று சொந்தம் கொண்டாடும் அளவுக்கு அவர் பெயர் உயர்ந்தது.

ஏறக்குறைய நாற்பது ஆண்டு அமைதிக்குப் பிறகு 303-ஆம் ஆண்டு பிப்ரவரியில் டயோக்ளீஷியனின் ஆணை வந்தது. இந்த முறை முதலில் குறிவைக்கப்பட்டவை கோயில்களும் புத்தகங்களும். கோயில்களை இடிக்க வேண்டும், வேதநூல்களைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், அவை எரிக்கப்படும். ஒப்படைத்தவர்களுக்குத் 'திராதித்தோர்' என்று பெயர் வந்தது. ஒப்படைத்தவன் என்பது அதன் பொருள். துரோகி என்ற பொருளும் அதே சொல்லுக்கு உண்டு. அடுத்த நூறு ஆண்டுகளுக்கு ஆப்பிரிக்காவில் இதைவிடப் பெரிய வசைச்சொல் இருக்கவில்லை.

அந்த ஒப்படைப்பு எப்படி நடந்தது என்பதற்கு ஒரு நாளின் பதிவு அப்படியே தப்பியிருக்கிறது. 303 மே 19, சிர்த்தா நகரம் (இன்றைய அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன்). நகர அதிகாரி முனாசியுஸ் ஃபெலிக்ஸ் கிறிஸ்தவர்கள் கூடும் வீட்டுக்கு வருகிறார். ஆயர் பவுல் உட்கார்ந்திருக்கிறார், குருக்களும் உடனிருக்கிறார்கள். எழுத்தர் ஒவ்வொரு பொருளாகக் குறித்துக்கொள்கிறார்: தங்கக் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, வெள்ளி விளக்கு 7, பெண்களுக்கான அங்கி 82, ஆண்களுக்கான அங்கி 16, பெண்கள் காலணி 47 சோடி... ஏழைகளுக்குக் கொடுக்க வைத்திருந்த துணிமணிகள் போலும். அவ்வளவுதான் என்று சொன்ன பிறகு, சில்வானுஸ் என்ற துணைத் திருத்தொண்டர் ஒரு சாடிக்குப் பின்னால் இருந்த வெள்ளிப் பெட்டியையும் வெள்ளி விளக்கையும் எடுத்துவந்து கொடுக்கிறார். இதை மட்டும் நீ கண்டுபிடிக்காமல் போயிருந்தால் செத்திருப்பாய் என்று அதிகாரியின் ஆள் ஒருவன் சொல்கிறான். புத்தகங்கள் எங்கே என்று கேட்டால் ஒரே ஒரு பெரிய ஏடு வருகிறது. மற்றவை வாசகர்களிடம் இருக்கின்றன என்கிறார்கள். பிறகு வீடு வீடாகப் போய் அவற்றையும் வாங்கிக்கொள்கிறார்கள்.

யாரையும் அடித்ததாக அந்தப் பதிவில் இல்லை. பயம், பணிவு, கணக்கு. அவ்வளவுதான். சில்வானுஸ் என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லோரும் இப்படி இருக்கவில்லை. அபித்தினே என்ற சிற்றூரின் ஆயர் வேதநூல்களை ஒப்படைத்துவிட்டார். ஆனால் அவருடைய மக்கள் 49 பேர் தடையை மீறி வழிபாட்டுக்குக் கூடி, 304-இல் பிடிபட்டுக் கார்த்தேஜுக்குக் கொண்டுவரப்பட்டு வதைக்கப்பட்டார்கள். அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த உறவினர்களைச் சிறை வாசலிலேயே அடித்து விரட்ட, கார்த்தேஜின் ஆயர் மென்சூரியுஸும் திருத்தொண்டர் சிசிலியனும் ஆள் நிறுத்தினார்கள் என்று எதிர்த்தரப்பு ஆவணம் ஒன்று குற்றம் சாட்டுகிறது. இது எதிரிகள் எழுதியது. ஆகவே அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஊரில் இப்படி ஒரு பேச்சு இருந்தது, அதை நம்பிய தாய்மார்கள் இருந்தார்கள் என்பது முக்கியம். அதன் பிறகு வந்த கோபத்தை வெறும் பதவிச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது.

மென்சூரியுஸ் இறந்தார். 311 அல்லது 312-இல் அதே சிசிலியன் ஆயராக்கப்பட்டார். அவரை அபிஷேகம் செய்தவர் அப்துங்கி ஊரின் ஆயர் ஃபெலிக்ஸ். இந்த ஃபெலிக்ஸ் ஒரு 'திராதித்தோர்', எனவே அவர் கைவைத்து ஆயராக்கியது செல்லாது என்று நுமிதியாவிலிருந்து 70 ஆயர்கள் வந்து தீர்ப்புச் சொன்னார்கள். மஜோரினுஸ் என்பவரை மாற்று ஆயராக நியமித்தார்கள். அவருக்குப் பின் வந்தவர்தான் டொனாத்துஸ். அவர் பெயரால் இந்தத் தரப்பு டொனாத்தியர் என்று அழைக்கப்பட்டது.

இங்கே லூசில்லா என்ற பணக்காரப் பெண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நற்கருணை வாங்குவதற்கு முன்னால், தன்னிடம் இருந்த ஒரு மறைசாட்சியின் எலும்பை முத்தமிடுவது அவர் வழக்கம். துன்புறுத்தல் தொடங்குவதற்கு முன்பே ஒருநாள் திருத்தொண்டர் சிசிலியன் இதற்காக அவரைக் கண்டித்துவிட்டார். அவமானப்பட்டு வெளியேறிய லூசில்லா அதை மறக்கவே இல்லை. மாற்று ஆயரான மஜோரினுஸ் அவர் வீட்டைச் சார்ந்தவர். அந்தத் தேர்தலுக்காக லூசில்லா 400 பணமூட்டைகள் கொடுத்தார் என்பது பிற்பாடு ஒரு விசாரணையில் வெளிவந்தது. இந்தப் பிளவே ஒரு பெண்ணின் கோபத்தில் பிறந்தது என்று மிலேவிஸ் ஊர் ஆயர் ஒப்தாத்துஸ் பின்னாளில் எழுதினார். பழியைப் பெண் மேல் போடுவது அந்தக் காலத்து ஆண்களுக்கு எளிது! ஒரு பெண் கோபப்பட்டதால் மட்டும் 70 ஆயர்கள் திரண்டு வந்துவிட மாட்டார்கள். ஆனாலும் பல ஆண்டு பழைய ஒரு சொல் மனதுக்குள் நீறு பூத்த நெருப்பாகக் கிடந்து, சமயம் வந்ததும் எப்படிப் பற்றிக்கொள்கிறது என்பதற்கு லூசில்லா நல்ல உதாரணம்.

இதற்குள் பேரரசன் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்துக்கு ஆதரவாகிவிட்டான். டொனாத்தியர் தங்கள் வழக்கை அவனிடமே கொண்டுபோனார்கள். 313-இல் ரோமில் ஆயர் மில்த்தியாதெஸ் தலைமையில் விசாரணை நடந்தது, தோற்றார்கள். 314-இல் ஆர்ல் நகரில் பெரிய சங்கம் கூடியது, அங்கும் தோற்றார்கள். 315-இல் அப்துங்கி ஃபெலிக்ஸ் மீதான குற்றச்சாட்டை அரசு அதிகாரியே விசாரித்தார். ஆதாரமாகக் காட்டப்பட்ட கடிதத்தில் இன்ஜென்சியுஸ் என்பவர் பொய்யாகச் சில வரிகளைச் சேர்த்திருந்தது அம்பலமானது. ஃபெலிக்ஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. அதாவது, எந்தத் துரோகத்துக்காகச் சபை உடைந்ததோ அந்தத் துரோகமே நடக்கவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் கோபம் ஆறியதா? ஆறவில்லை.

அடுத்து நடந்தது இன்னும் சுவையானது. சிர்த்தாவில் சாடிக்குப் பின்னாலிருந்து வெள்ளி விளக்கை எடுத்துக் கொடுத்த அந்தச் சில்வானுஸ் பிறகு அதே சிர்த்தாவின் ஆயராகிவிட்டார், அதுவும் டொனாத்தியர் தரப்பில்! அவரை நியமிக்கக் கூடிய ஆயர்களின் கூட்டம் 305 வாக்கில் நடந்தது. தலைமை வகித்த செக்குந்துஸ், நீ புத்தகத்தைக் கொடுத்தாயா என்று ஒவ்வொருவரையும் விசாரிக்கத் தொடங்கினார். ஒருவர் நெருப்பில் போட்டேன் என்றார், ஒருவர் வேறு ஏடுகளைக் கொடுத்து ஏமாற்றினேன் என்றார். பூர்பூரியுஸ் என்ற முரட்டு ஆயர் முறை வந்ததும், நீர் மட்டும் எப்படி விடுதலையானீர் என்று செக்குந்துஸையே திருப்பிக் கேட்டார். சபை அமைதியானது. கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி விசாரணையை அத்தோடு முடித்துக்கொண்டு, எல்லோரும் ஒருவரை ஒருவர் மன்னித்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளுக்குப் பிறகு அதே செக்குந்துஸ்தான் 70 பேரோடு கார்த்தேஜுக்குப் போய்ச் சிசிலியனை மன்னிக்க முடியாது என்று சொன்னவர்.

இந்த விவகாரம் எப்படி வெளியே வந்தது? சில்வானுஸுக்கும் அவருடைய திருத்தொண்டர் நுந்தினாரியுஸுக்கும் தகராறு வந்தது. நுந்தினாரியுஸ் கல்லடி பட்டார். அவர் பிற ஆயர்களிடம் முறையிட, அவர்கள் பதறிப்போய்ச் சில்வானுஸுக்குக் கடிதம் எழுதினார்கள்: சமாதானமாகப் போய்விடும், விஷயம் வெளியே போனால் எல்லோருக்கும் ஆபத்து! எழுதியவர்களில் பூர்பூரியுஸும் ஒருவர். சில்வானுஸ் இறங்கி வரவில்லை. நுந்தினாரியுஸ் நேராக அரசு அதிகாரியிடம் போனார். 320 டிசம்பர் 13 அன்று ஆளுநர் செனோஃபிலுஸ் முன்னால் பதினேழு வருடப் பழைய பதிவேடு வாசிக்கப்பட்டது. அந்தச் சாடி, வெள்ளி விளக்கு, லூசில்லாவின் பணம், எல்லாம் அன்றுதான் வெளிச்சத்துக்கு வந்தன. 303-ஆம் ஆண்டுப் பதிவு நமக்குக் கிடைத்திருப்பதே இதனால்தான். சில்வானுஸ் நாடு கடத்தப்பட்டார்.

தர்க்கப்படி பார்த்தால் டொனாத்தியர் இயக்கம் அன்றே முடிந்திருக்க வேண்டும். மாறாக அது வளர்ந்தது. காரணம், இதற்கிடையில் புதிய காயங்கள் உண்டாகிவிட்டன. 317 முதல் 321 வரை அரசு அவர்களுடைய கோயில்களைப் பறித்தது, சிலர் கொல்லப்பட்டார்கள். 347-இல் பவுல், மக்காரியுஸ் என்ற இரு அதிகாரிகள் ஏழைகளுக்கான தர்மப் பணத்தோடு வந்தார்கள், சபைகளை ஒன்று சேர்க்கிறோம் என்றார்கள். திருச்சபைக்கும் பேரரசனுக்கும் என்ன சம்பந்தம் என்று டொனாத்துஸ் சீறினார். (முதலில் பேரரசனிடம் வழக்குக் கொண்டுபோனவர்கள் அவருடைய ஆட்களே என்பதை அவர் மறந்திருந்தார்.) பிறகு படை வந்தது, ரத்தம் சிந்தியது. டொனாத்துஸ் நாடு கடத்தப்பட்டு அங்கேயே இறந்தார். மக்காரியுஸின் காலம் என்றாலே கிராமங்களில் வயிறு எரிந்தது. தாத்தாக்கள் புத்தகம் கொடுத்ததற்காகத் தொடங்கிய கோபம், அப்பாக்களை வெட்டியதற்கான கோபமாக மாறிவிட்டது. முதல் காரணம் பொய்யாகிப் போனாலும் இரண்டாவது காரணம் உண்மை.

361-இல் பதவிக்கு வந்த ஜூலியன் நாடு கடத்தப்பட்டவர்களைத் திரும்ப அனுமதித்தான். அவர்கள் பழைய கோயில்களை மீட்டதும் என்ன செய்தார்கள் என்று ஒப்தாத்துஸ் எழுதியிருக்கிறார். பீடங்களைச் சுரண்டினார்கள், சுவர்களைக் கழுவினார்கள். மறுதரப்பின் கை பட்டதாலேயே தீட்டு! மறுதரப்பிலிருந்து வந்தவர்களுக்கு மறுபடி திருமுழுக்குக் கொடுத்தார்கள். நாட்டுப்புறங்களில் 'சிர்க்கும்செல்லியர்' என்ற தடியடிக் கும்பல்கள் திரிந்தன. கடவுளுக்குப் புகழ் என்பது அவர்களின் போர்முழக்கம். கத்தோலிக்கர் ஒருவரை ஒருவர் வாழ்த்தும்போது கடவுளுக்கு நன்றி என்பார்கள். இரண்டு சொற்றொடர்களும் வேதத்துக்கு உரியவை. எதைச் சொல்கிறான் என்பதை வைத்து எந்தக் கட்சி என்று தெரிந்துகொள்ளும் நிலை வந்தது.

395 வாக்கில் ஹிப்போ நகரின் ஆயரான அகுஸ்தினாருக்கு இந்தச் சண்டை பரம்பரைச் சொத்தாக வந்து சேர்ந்தது. அவர் உறவினர்களிலேயே டொனாத்தியர் உண்டு. முதலில் அவர் வாதம் மட்டும் போதும் என்றார். கோதுமையும் களையும் அறுவடை வரை சேர்ந்தே வளரும், திருமுழுக்குக் கொடுப்பவன் யோக்கியனா என்பது முக்கியமில்லை, கொடுப்பவர் கிறிஸ்துவே என்பது அவர் நிலைப்பாடு. பயத்தில் விழுந்தவனுக்கும் இடம் உண்டு என்ற சபையை இதைவிட அழகாக யாரும் நியாயப்படுத்தியதில்லை. ஆனால் அவருடைய சக ஆயர்கள் தாக்கப்பட்டபோதும், 405-ஆம் ஆண்டு அரசாணைக்குப் பிறகு கூட்டம் கூட்டமாக டொனாத்தியர் மாறி வந்தபோதும் அவர் மனம் மாறினார். தன் சொந்த ஊரான தகாஸ்தேயே சட்டத்துக்குப் பயந்து மாறிய ஊர்தான், இப்போது அங்கே பழைய வெறுப்பின் சுவடே இல்லை என்று 408 வாக்கில் ஒரு கடிதத்தில் எழுதுகிறார். விருந்துக்கு ஆட்களை வற்புறுத்தி அழைத்து வரச் சொல்லும் லூக்கா 14-ஆம் அதிகாரத்து உவமையை அபராதத்துக்கும் நாடு கடத்தலுக்கும் ஆதரவாக எடுத்துக் காட்டுகிறார். பின்வந்த நூற்றாண்டுகளில் இந்த வாதத்தை வைத்து எத்தனையோ பேர் எத்தனையோ கொடுமை செய்தார்கள். மன்னிப்பைப் பற்றி இவ்வளவு அறிந்த ஒருவர் இதை எழுதினார் என்பதுதான் வலிக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. அவருடைய பகுதியில் ஒரு குருவைக் கொன்று, இன்னொரு குருவின் கண்ணைப் பறித்து விரலை வெட்டிய ஆட்கள் பிடிபட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அவர்களுக்கு மரண தண்டனை வேண்டாம், கை கால் வாங்கும் தண்டனையும் வேண்டாம் என்று அதிகாரி மர்செல்லினுஸுக்கும் அவர் சகோதரருக்கும் அகுஸ்தினார் கடிதம் எழுதிக் கெஞ்சினார். அந்தக் கடிதங்கள் இன்றும் இருக்கின்றன.

அந்த மர்செல்லினுஸ் முன்னிலையில்தான் 411 ஜூன் மாதம் கார்த்தேஜில் இறுதி விவாதம் நடந்தது. இரு தரப்பிலும் ஏறக்குறைய 285 ஆயர்கள்! உட்காருங்கள் என்று மர்செல்லினுஸ் உபசரித்தார். பொல்லாதவர்களோடு உட்காரமாட்டோம் என்று சங்கீதத்தைச் சுட்டி டொனாத்தியர் நின்றுகொண்டார்கள். அவர்கள் நிற்கும்போது தான் உட்காருவது முறையல்ல என்று மர்செல்லினுஸும் எழுந்து நின்றார். வெயில் காலம், நூறாண்டுப் பகை, நின்றுகொண்டே விவாதம். கத்தோலிக்க ஆயர்கள் ஒரு வாக்குறுதி கொடுத்திருந்தார்கள்: நாங்கள் தோற்றால் பதவியை விட்டுவிடுகிறோம். நீங்கள் தோற்றாலும் உங்கள் பதவி போகாது, ஒரே ஊரில் இரண்டு ஆயர்களும் சேர்ந்து பணி செய்யலாம். தாராளமான வாக்குறுதிதான். ஆனால் நடுவரை அனுப்பியவன் கத்தோலிக்கப் பேரரசன். முடிவு என்ன ஆகும் என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தீர்ப்பு டொனாத்தியருக்கு எதிராக வந்தது, 412-இல் அபராதச் சட்டம் வந்தது.

டொனாத்தியர் தரப்பில் பேசிய ஏழு பேரில் ஒருவர் எமெரித்துஸ், கடற்கரை நகரமான செசரேயாவின் (இன்றைய ஷெர்ஷெல்) ஆயர். நல்ல பேச்சாளர். 418 செப்டம்பரில் வேறு வேலையாக அந்த ஊருக்குப் போன அகுஸ்தினார் அவரைத் தெருவில் கண்டு, கோயிலுக்கு வரும்படி அழைத்தார். அவரும் வந்தார். ஊர் மக்கள் பெரும்பாலும் அதற்குள் கத்தோலிக்கராகிவிட்டார்கள். ஒரு காலத்தில் தன் பிரசங்கத்தைக் கேட்ட முகங்கள் முன்னால் எமெரித்துஸ் உட்கார்ந்திருந்தார். இன்றே இங்கேயே சமாதானமாகிவிடுங்கள் என்று கூட்டம் சத்தம் போட்டது. இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 20 அன்று, சுருக்கெழுத்தர் தயாராக இருக்க, அகுஸ்தினார் அவரைப் பேச அழைத்தார். தோற்றுவிட்டீர்கள் என்றால் ஏன் இன்னும் ஒன்றுசேரவில்லை, தோற்கவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள் என்றார்.

நான் தோற்றேனா வென்றேனா, உண்மைக்குத் தோற்றேனா அதிகாரத்தால் நசுக்கப்பட்டேனா என்பதை விவாதப் பதிவேடு சொல்லும் என்று எமெரித்துஸ் பதில் சொன்னார். பிறகு ஏன் இங்கே வந்தீர்கள் என்று அகுஸ்தினார் கேட்டார். நீர் கேட்பதற்கு இதைச் சொல்லத்தான் என்றார் எமெரித்துஸ். சுருக்கெழுத்தர் அதையும் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு அகுஸ்தினார் நெடுநேரம் பேசினார், பழைய தீர்ப்புகளை விளக்கினார், அந்த 411-ஆம் ஆண்டு வாக்குறுதியை மறுபடி சொன்னார், சகோதரரே என்று அழைத்தார். எமெரித்துஸ் கடைசி வரை உட்கார்ந்தே இருந்தார். வாய் திறக்கவில்லை.